இறந்த நாயின் படத்தைக் குட்டி விற்பவருக்கு அனுப்பிவிடாதீர்கள்

13 வருஷம் எங்களோடு இருந்த மணி, சிறுநீரகம் கெட்டுப் போய்ச்சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவன் படுத்திருந்த சாக்கை எடுக்கவே எனக்கு மனசு வரவில்லை. அந்த நிலைமையில்தான் குட்டி தேடினேன்.

விற்பவர் ஃபோனில் ரொம்பத் தன்மையாகப் பேசினார். "பழைய நாயோட போட்டோ அனுப்புங்க, அதே மாதிரி பார்த்துத் தர்றேன்" என்றார். அனுப்பினேன். இரண்டே நாளில் ஒரு வெள்ளைக் குட்டியின் படம் வந்தது. இடது காதில், மணிக்கு இருந்த அதே பழுப்புத் திட்டு! அழுதுகொண்டே முன்பணம் அனுப்பினேன்.

தாயைப் பார்க்கணும் என்றதற்கு, "புது ஆள் வந்தா கடிக்கும்" என்று சொல்லி, ரோட்டோரத்தில் வைத்தே குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். 8 வாரக் குட்டி, ஊசி போட்டாச்சு என்றார். தடுப்பூசி அட்டையில் பேனாவால் எழுதிய தேதி மட்டும்தான் இருந்தது. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கரும் இல்லை, டாக்டர் கையெழுத்தும் இல்லை. மணிக்கு வருஷா வருஷம் ஊசி போட்டவன் நான். தெரிந்தும் கேட்கவில்லை.

நாலாம் நாள் வாந்தி, ரத்தக் கழிச்சல். ஈரத்துணியால் துடைத்தேன். காதிலிருந்த பழுப்பு துணியோடு வந்துவிட்டது.

டாக்டர் பரிசோதித்துப் பார்வோ என்றார், நாய்க்குட்டிகளின் உயிரையே பறிக்கும் வைரஸ் நோய். பல்லைப் பார்த்துவிட்டு, வயது 5 வாரம்தான் இருக்கும் என்றார். தொற்றி 3 முதல் 7 நாளில் அறிகுறி தெரியுமாம். வரும்போதே நோயோடு வந்திருக்கலாம். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியும் காப்பாற்ற முடியவில்லை. விற்றவர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

தயவுசெய்து தாயோடு இருக்கும் குட்டியை நேரில் பாருங்கள். அட்டையில் உள்ள டாக்டருக்கே ஃபோன் போட்டுக் கேளுங்கள். பணம் தருவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் குட்டியைக் காட்டுங்கள். என்னைப் போல் பார்வோவில் இழந்தவர்கள் உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்துவிடாதீர்கள். அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது. தரையை பிளீச் கரைசலால் கழுவ வேண்டும்.

போட்டோ மட்டும் வேண்டவே வேண்டாம். எதைக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன் என்று நானே அந்த ஆளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் குட்டிக்கென்று ஒரு பெயர்கூட வைக்கவில்லை. இருந்த நாளெல்லாம் மணி என்றுதான் கூப்பிட்டேன்.