பச்சிளங்குழந்தைக்கான கொலாஸ்டமி பை: ஒரே துண்டாக வருவதே மேல்

ஆசனவாய் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் சுமார் 5,000-க்கு ஒன்று. இவர்களில் பலருக்குப் பிறந்த ஓரிரு நாளிலேயே கொலாஸ்டமி போடுவார்கள், அதாவது மலம் வெளியேற வயிற்றில் பெருங்குடலுக்கு ஒரு வாய் திறப்பார்கள். ஆசனவாய் அமைக்கும் அறுவை முடிந்து, அது ஆறி, கொலாஸ்டமியை மூடும்வரை சில மாதங்கள் வயிற்றில் ஒட்டிய மலப் பையோடுதான் பாடு.

தோலில் ஒட்டும் தகடும் பையும் தனித்தனியாக வரும் ரகத்தில் ஒரு கெட்டி வளையம் இருக்கும். குழந்தை காலை மடக்கி உதைக்கும்போது வயிறு வளையும், வளையம் வளையாது, ஓரம் கிளம்பிவிடும். ஒரே துண்டாக வருவது வயிற்றோடு மடங்கும். மாற்றும்போது முழுவதையும் உரிக்க வேண்டும் என்பது இதன் குறை. ஒன்று முதல் மூன்று நாள் வரை தாங்கும்.

எந்தப் பை ஆனாலும், தகட்டில் துளை வெட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்டோமா (வயிற்றில் வெளியே தெரியும் குடல்வாய்) பெரும்பாலும் சரியான வட்டமாக இருக்காது. ஒரு தாளில் அளவெடுத்து, அதைவிட 1 முதல் 2 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டுங்கள். சிறிதானால் ஸ்டோமாவை அறுக்கும். பெரிதானால் மலம் தோலில் தேங்கிப் புண்ணாக்கும். வெட்டுமுன் முன்பக்கப் பிளாஸ்டிக்கை விரலால் இழுத்துப் பிடிக்காவிட்டால் கத்தரி பையையே ஓட்டையாக்கிவிடும். முதல் 6 முதல் 8 வாரங்களில் ஸ்டோமா சுருங்கும் என்பதால், மொத்தமாக வெட்டி அடுக்கி வைப்பது வீண் வேலை.

தோலுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். எண்ணெயோ, லோஷன் கலந்த வெட் வைப்ஸோ பட்டால் பசை பிடிக்காது. ஈரம் போகத் துடைத்து, தகட்டை உள்ளங்கையில் சூடேற்றி ஒட்டி, ஒரு நிமிடம் கையை அப்படியே வைத்திருங்கள்.

அழும்போது குழந்தை காற்றை விழுங்கும். பை பலூன் மாதிரி உப்பும். ஊசியால் குத்தாதீர்கள், அடிவாயைத் திறந்து காற்றை விடுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும். அடிவாய்க்குக் கிளிப்பைவிட வெல்க்ரோ நல்லது, தொடையில் குத்தாது. ஆனால் மடிப்பில் மலம் சிக்கும், துடைக்கச் சோம்பல்படக் கூடாது. படுத்தே இருக்கும் குழந்தைக்குப் பையின் வாய் பக்கவாட்டில் இருக்கட்டும்.

வயிற்றில் இரண்டு துளை இருந்தால், சளி மட்டும் வரும் துளையைப் பைக்குள் அடக்காதீர்கள், மேலே துணி போதும். அதற்குள் மலம் புகுந்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். குடல் சிறுநீர்ப் பாதையோடு இணைந்திருக்கும் ஆண் குழந்தைகளுக்கு இது அதிகம்.

நிறமில்லாத, உள்ளே தெரியும் பையையே வாங்குங்கள். ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். துடைக்கும்போது துளி ரத்தம் வருவது சகஜம். கருத்தால் உடனே மருத்துவமனை. ஓரம் கசிந்தால் மேலே டேப் ஒட்டி நாளைக் கடத்தாதீர்கள். அடியில் மலம் நின்று தோலை அரிக்கும், பையையே மாற்றுங்கள்.