20 மீட்டர் த்ரோ பேக்: வெள்ள மீட்புக் குழு வாங்கலாமா?

த்ரோ பேக் என்பது கயிறு திணித்த பை: கயிற்றின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, பையை வெள்ளத்தில் சிக்கியவரிடம் வீச வேண்டும். தன்னார்வ மீட்புக் குழு முதலில் வாங்க வேண்டியது இதுதான், படகெல்லாம் பிறகு. கரையில் நின்றபடியே ஆளை இழுத்துவிடலாம், மீட்பவர் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

உள்ளே இருப்பது 8 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் கயிறு. இது மிதக்கும். நைலான் மூழ்கிப்போய் படகின் மோட்டார் விசிறியில் சுற்றிக்கொள்ளும். 6 மி.மீ. வகை எடை குறைவு, ஆனால் இழுவை ஏறினால் ஈரக்கையை அறுக்கும். 20 மீட்டர் என்று போட்டிருந்தாலும், பழக்கமில்லாதவருக்கு 15 மீட்டருக்கு அப்பால் குறி வாய்ப்பது கடினம்.

பையின் வாய் குறுகல். இதுதான் பெரிய குறை. மறுபடி அடைக்க நேரம் பிடிக்கிறது. அதற்காகக் கயிற்றை வளையமாகச் சுற்றி உள்ளே வைத்தால் வீசும்போது சிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் திணிக்க வேண்டும்.

கைப்பிடி முனையில் ஒரு வளையம் தைத்திருக்கிறார்கள். வெட்டி எறியுங்கள். அதில் மணிக்கட்டை நுழைத்தவரை வெள்ளம் கயிற்றோடு சேர்த்து இழுத்துப்போகும். இடுப்பில் கட்டுவதும் அதே ஆபத்து. சிக்கினால் கயிற்றை அறுக்கக் கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

முதலில் குரல் கொடுத்து, ஆள் திரும்பிப் பார்த்ததும் அவர் தலையைத் தாண்டி விழும்படி வீசுங்கள். தவறினால் திரும்ப அடைத்துக்கொண்டிருக்காதீர்கள்: கயிற்றைக் கையில் சுருட்டி, பையில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு, அந்த எடையோடு வீசுங்கள். பிடித்தவர் மல்லாந்து, கயிற்றைத் தோள்மேல் போட்டுக்கொண்டால் முகத்தில் தண்ணீர் அடிக்காது.

மணல் போக அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயில் இந்தக் கயிற்றை நொறுக்கிவிடும்.