வீட்டு ஸ்டுடியோ சுவர்: கூடுதல் போர்டா, கிளிப்பா, அறைக்குள் அறையா?

ஃபோம் ஒட்டிவிட்டால் சத்தம் வெளியே போகாது என்று நம்பித்தான் பலர் வேலையைத் தொடங்குகிறார்கள். ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். சத்தம் சுவரைக் கடக்காமல் இருக்க எடை வேண்டும், காற்றுப் புகாத அடைப்பு வேண்டும், சுவரின் இரு முகங்களும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும். ஃபோமில் இந்த மூன்றுமே இல்லை. முட்டை அட்டையும் அப்படித்தான்.

மரம் அல்லது உலோகத்தில் நிற்கும் சட்டம் அடித்து, இரு பக்கமும் ஒரே ஒரு 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு வைத்த சாதாரணச் சுவர் சுமார் 35 டெசிபெல் குறைக்கும். உரக்கப் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கும். இதை மேம்படுத்த மூன்று வழிகள் உண்டு.

எளிய வழி, இருக்கிற போர்டின் மேல் இன்னொரு போர்டு. எடை இரட்டித்தால் 5 முதல் 6 டெசிபெல் கூடும். இரண்டு போர்டுக்கும் நடுவே க்ரீன் க்ளூ போன்ற அதிர்வுத் தணிப்புப் பசையைப் பூசினால் பலன் இன்னும் அதிகம். 4×8 அடி போர்டு ஒன்றுக்கு 828 மி.லி. டியூப் இரண்டு தேவை. கோடு கோடாக இழுத்துவிட்டு, பசை காய்வதற்குள் போர்டை ஏற்றித் திருக வேண்டும். மேல் போர்டின் இணைப்புகள் கீழ்ப் போர்டின் இணைப்புகள் மேல் விழக் கூடாது. முழுப் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும் என்பதால் மறுநாளே சோதித்துப் பார்த்து ஏமாற வேண்டாம். இதில் போகும் இடம் 13 மி.மீ.தான். குரல், அக்கூஸ்டிக் கிட்டார், மிதமான அளவில் மானிட்டர் ஸ்பீக்கர் என்றால் இது போதும். ஆனால் சட்டம் இன்னும் இரு பக்கத்தையும் இணைத்தபடியே இருக்கிறது, அதனால் பாஸ், அதாவது தாழ்ந்த கனத்த ஒலி, அதன் வழியே போய்க்கொண்டேதான் இருக்கும்.

இரண்டாவது வழி, சட்டத்தில் ரப்பர் கிளிப்பும், அதில் மாட்டும் நீளமான உலோகப் பட்டையான சேனலும். இங்கே போர்டு சட்டத்தைத் தொடுவதில்லை, சேனலில் தொங்குகிறது. சட்டத்துக்கு நடுவே இழைப் பஞ்சு நிரப்பி, இரண்டடுக்குப் போர்டு வைத்தால் 50 முதல் 55 டெசிபெல் வரை எதிர்பார்க்கலாம். சேனல்களை 60 செ.மீ.க்கு ஒன்றாக வையுங்கள். கிளிப்புக்குக் கிளிப் எவ்வளவு தூரம் என்பதைத் தயாரிப்பாளர் தரும் எடை வரம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் நீளமான ஒரு திருகுதான். அது சேனலைத் தாண்டிச் சட்டத்தில் ஏறிவிட்டால் அந்த இடத்தில் கிளிப்புக்கு வேலையே இல்லை. பின்னாளில் சுவரில் ஷெல்ஃப் மாட்டுகிறவரும் இதே தவற்றைச் செய்வார்.

மூன்றாவது, அறைக்குள் அறை. பழைய சட்டத்திலிருந்து 25 மி.மீ.யாவது தள்ளிப் புதுச் சட்டம் நிறுத்தி, நடுவே ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) நிரப்பி, வெளிப்புற முகங்களில் மட்டும் இரண்டடுக்குப் போர்டு. 60 டெசிபெல்லைத் தாண்டுவது இதில்தான். டிரம்ஸ், பாஸ் ஆம்ப் வைத்து வாசிப்பவர்களுக்கு மற்ற இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். செலவுக்கு அடுத்தபடியாக இடம் போகும்: 3×4 மீட்டர் அறையில் நான்கு பக்கமும் 15 செ.மீ. இழந்தால் 12 சதுர மீட்டர் 10 ஆகிவிடும். எடையையும் கணக்கிடுங்கள். 3×2.5 மீட்டர் சுவருக்கு இரண்டடுக்குப் போர்டு மட்டும் சுமார் 135 கிலோ. மாடியில் கட்டுவதாக இருந்தால் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

பழைய சுவரின் உட்பக்கப் போர்டைக் கழற்றாமல் அதன் முன்னால் புதுச் சட்டம் நிறுத்தினால் போர்டுத் தகடு மூன்றும், அவற்றின் நடுவே காற்றறை இரண்டும் ஆகிவிடும். அதே எடையை இரண்டே தகடாக வைத்துப் பெரிய காற்றறை விட்டால் கிடைக்கும் பாஸ் தடுப்பு இதில் கிடைக்காது. கழற்ற மனம் வராது, ஆனாலும் கழற்றுங்கள்.

செங்கல் சுவர் வேறு கதை. பூச்சுடன் கூடிய 9 அங்குலச் சுவர் தானாகவே சுமார் 50 டெசிபெல் தரும். அதன் மேல் 25 மி.மீ. இடைவெளி விட்டு ஒற்றைப் போர்டு அடித்தால் சுவரும் போர்டும் காற்றும் சேர்ந்து சுமார் 130 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும், அதாவது அந்தச் சுருதி வரும்போது தாமே பலமாக அதிரும். ஆண் குரலும் பாஸ் கிட்டாரும் புழங்கும் அந்த இடத்தில் தடுப்பு முன்பைவிடக் குறைந்துபோகும். இடைவெளியை 10 செ.மீ. ஆக்கி, இரண்டடுக்குப் போர்டு வைத்தால் ஒத்ததிர்வு 47 ஹெர்ட்ஸ் அருகே இறங்கிவிடும். சுவரை ஒட்டி மெல்லிய லைனிங் அடிப்பதற்குப் பதில் சும்மா இருப்பதே மேல்.

உண்மையில் செங்கல் அறைகளில் பணம் போக வேண்டிய இடம் கதவும் ஜன்னலும். 10 சதுர மீட்டர் சுவர் 50 டெசிபெல் தடுக்கிறது, அதில் 1 சதுர மீட்டர் ஜன்னல் 25தான் தடுக்கிறது என்றால், மொத்தமாகக் கிடைப்பது 35. கதவு இன்னும் மோசம். 90 செ.மீ. அகலக் கதவின் கீழே 10 மி.மீ. சந்து இருந்தால் அது கதவின் பரப்பில் அரை சதவீதம்கூட வராது. ஆனால் எவ்வளவு கனமான கதவானாலும் அந்தச் சந்தோடு 23 டெசிபெல்லைத் தாண்டாது. உள்ளே கூடான கதவை மாற்றி, கெட்டிப் பலகைக் கதவு போட்டு, மூன்று பக்கமும் ரப்பர் சீல், கீழே மூடும்போது தானாக இறங்கும் சீல் வையுங்கள். சீலில் ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கி வந்தால் அங்கே சத்தமும் வரும்.

போர்டின் ஓரங்களில் 6 மி.மீ. விட்டு, இறுகாத அக்கூஸ்டிக் சீலன்ட் நிரப்ப வேண்டும். சுவிட்ச் பாக்ஸைச் சுவருக்குள் பதிக்காமல் மேலேயே பொருத்துங்கள்.

எடைகூட்டிய வினைல் ஷீட்டையும் பலர் கேட்கிறார்கள். வழக்கமான ஷீட் சதுர மீட்டருக்கு 5 கிலோ, ஜிப்சம் போர்டு 9 கிலோ. தட்டையான சுவருக்குப் போர்டே போதும். வளைத்துச் சுற்ற வேண்டிய குழாய்களுக்கு வினைலை வைத்துக்கொள்ளலாம்.

எதிரொலி விஷயத்திலும் 5 செ.மீ. ஃபோமைவிட 10 செ.மீ. ராக்வூல் பேனல்தான் என் தேர்வு. மெல்லிய ஃபோம் கீச்சென்ற உயர் ஒலிகளை மட்டும் விழுங்கி, பாஸை விட்டுவிடும். அறை செத்தும் இருக்கும், குமுறவும் செய்யும். பேனலைத் துணியால் மூடி, மூலைகளில் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள்.

மூன்றில் எதைக் கட்டினாலும் முடிவில் காற்றுப் புகாத அறை ஒன்றுதான் கையில் இருக்கும். ஸ்ப்ளிட் ஏசி இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, அது உள்ளிருக்கும் காற்றையே சுழற்றுகிறது. காற்று வர ஒன்று, போக ஒன்று என இரண்டு டக்ட் (காற்றுக் குழாய்) வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உட்புறம் 25 மி.மீ. உறிஞ்சும் லைனிங்கும் குறைந்தது இரண்டு வளைவும் கொண்ட பெட்டி தேவை. அந்தப் பாதையை முதல் போர்டு ஏறுவதற்கு முன்பே சட்டத்தில் குறித்துவிட வேண்டும்.