டெம்பிள் நகை: வடசேரிக் கைவேலையா, வார்ப்புத் தங்கமா, கவரிங்கா?

ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ஜடைநாகம், மாங்காமாலை என்று பரதநாட்டியத்துக்குப் போடும் டெம்பிள் நகை எல்லாம் இன்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. மேடையில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கையில் வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள், வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

நாகர்கோவில் வடசேரியில் செய்யும் நகைக்கு அடிப்படை வெள்ளி. தகட்டை நறுக்கி வளைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாகக் கூடு கட்டிப் பற்றவைத்து, உள்ளே அரக்கை நிரப்புகிறார்கள். அதன்மேல் கெம்புக்கல் என்னும் சிவப்புக்கல் உட்காரும். அப்புறம் வருவதுதான் நிஜமான கைவேலை. கல்லுக்கும் வெள்ளிக்கும் நடுவே உள்ள இடுக்கில் தங்க ரேக்கை, அதாவது மிக மெல்லிய தங்கத் தகட்டை வைத்து, எஃகு முனையால் அழுத்தி அழுத்தி ஏற்ற வேண்டும். நெருப்பே படாமல் தங்கம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். சுத்தத் தங்கத்தில்தான் இது நடக்கும். செம்பு கலந்த 22 காரட் இப்படி மசியாது. அழுத்தம் குறைந்தால் கல் ஆடும், கூடினால் விரிசல் விடும். இதைப் புத்தகம் பார்த்துக் கற்க முடியாது, பட்டறையில் உட்கார்ந்துதான் பழக வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மாங்காய்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஷோரூமில் ‘டெம்பிள் கலெக்‌ஷன்’ என்று விற்பதில் பெரும்பகுதி வார்ப்பு, இல்லையென்றால் அச்சில் அடித்தது. ஒரு மாதிரியிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, அதில் மெழுகைச் செலுத்தி, மெழுகுப் பிரதிகளைக் கொத்தாக ஒட்டி, சுற்றிலும் ஜிப்சம் கலவையை ஊற்றி இறுகவிட்டுச் சுட்டால் மெழுகு உருகிப் போய்விடும். அந்த வெற்றிடத்தில் தங்கத்தை ஊற்றுகிறார்கள். ஒரு லட்சுமியைச் செதுக்கிவிட்டால் ஆயிரம் லட்சுமி எடுக்கலாம். மட்டமான வேலை என்று இதைத் தள்ள மாட்டேன். பிசிறில்லாமல் வரும், கேட்ட தேதிக்குக் கிடைக்கும். ஆனால் தகட்டை அரக்கின்மேல் வைத்து உளியால் தட்டி எழுப்பும் நகாசு வேலையில் உருவம் புடைத்து நிற்கும், உள்ளே கூடாக இருக்கும். அதே புடைப்பைக் கெட்டியாக வார்த்தால் எடை ஏறும். இன்றைய தங்க விலைக்கு அது சின்ன விஷயமா?

பணக் கணக்கில் வார்ப்புத் தங்கம்தான் ஜெயிக்கும், ஒப்புக்கொள்ள வேண்டும். ஹால்மார்க் இருக்கும், 2023 ஏப்ரலிலிருந்து எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடும் கட்டாயம். எந்த ஊரிலும் விற்கலாம், அடகு வைக்கலாம். வடசேரி நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோனால் அரக்கையும் கல்லையும் கழித்துவிட்டு வெள்ளிக்குத்தான் விலை சொல்வார்கள். நீங்கள் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு கூலி, அது திரும்பி வராது. அந்தக் கூலிதான் தொழிலை உயிரோடு வைத்திருக்கிறது என்பதும் உண்மை.

வடசேரி நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே என்று கேட்கலாம். அது நாகர்கோவில் என்ற பெயரைக் காக்கும். அதே வடிவத்தை வேறொருவர் வார்த்து ‘டெம்பிள்’ என்று விற்பதை அது தடுக்காது. வடிவம் எங்கும் பரவிவிட்டது, ரேக்கு ஏற்றும் கைதான் குறைகிறது.

கவரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பித்தளையிலோ செம்பிலோ முலாம், பசையில் ஒட்டிய கல். வியர்வை பட்டால் கறுக்கும், கல் விழுந்தால் கடைக்காரரே புதுசு வாங்கச் சொல்வார். சலங்கை பூஜை போடும் சின்னக் குழந்தைக்கு இது போதும். தலை வளர வளர அளவும் மாறும்.

ஆடுவதைத் தொடரப்போகிறவர் என்றால் என் ஓட்டு வடசேரிக்கு. முழு செட்டும் ஒரேயடியாக வேண்டாம். முதலில் நெற்றிச்சுட்டி, அடுத்து ராக்கொடி, பிறகு மற்றவை என்று சேர்க்கலாம். கல் கழன்றால் பட்டறையில் அரக்கை இளக்கி மறுபடி பதித்துத் தருவார்கள். சேமிப்புக்காக வாங்குகிறவர் யோசிக்காமல் ஹால்மார்க் தங்கத்துக்குப் போகலாம்.

கைவேலை நகை வாங்கினால் ஒரு எச்சரிக்கை: மற்ற நகையைப் போல வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைக்காதீர்கள், அரக்கு இளகிவிடும். ஆடி முடித்ததும் வியர்வையைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்.