பாடசாலைக்கு மென்பொருள் வாங்கப் போகிறவர்கள் இதை வாசியுங்கள்

திருகோணமலை நகரத்திலிருந்து தள்ளியிருக்கும் சிறிய பாடசாலை எங்களுடையது. சென்ற ஆண்டு அபிவிருத்திச் சங்கம் பெற்றோரிடம் சேர்த்த பணத்தில் ஒரு பாடசாலை முகாமைத்துவ மென்பொருள் வாங்கினோம். தெரிவுக் குழுவில் இருந்து கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி. அதை எங்களுக்கு விற்ற ஆட்கள் இப்போது மூதூர், கிண்ணியாப் பக்கமும் போய்வருவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

காட்ட வந்த நாளில் எல்லாம் அழகாக இருந்தது. வரவு, புள்ளி, வீட்டுவேலை, பெற்றோருக்குத் தனிச் செயலி. தமிழில் வருமா என்று கேட்டோம். "வரும் டீச்சர், பிரச்சினையே இல்லை" என்றார் வந்தவர். பொத்தான்களின் பெயர்கள் மட்டும்தான் தமிழில் வந்தன. பிள்ளைகளின் பெயரைத் தமிழில் ஏற்றினால் தேர்ச்சி அறிக்கையில் வெறும் கேள்விக்குறிகள். யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்துகளையும் கணினியில் வைக்கும் முறைக்கு, அமைக்கப்படாத தரவுத்தளம் என்று விஷயம் தெரிந்த ஒருவர் பிறகு சொன்னார். கடைசியில் எல்லாப் பெயரையும் ஆங்கிலத்தில் ஏற்றினோம்.

பிள்ளை வராத நாளில் வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகும், ஆண்டு முழுதும் போதுமான செய்திகள் கட்டணத்துக்குள் அடக்கம் என்றார்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடமுண்டு. தமிழில் எழுதினால் 70தான். அதிலும் மெய்யின் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். பெயரும் வகுப்பும் சேர்ந்தால் ஒரு செய்தி இரண்டாகிவிடும், சில நேரம் மூன்றாகும். முதலாம் தவணை முடியுமுன்னே எல்லாம் தீர்ந்து, மேலதிகத்துக்குத் தனி பில் வந்தது. செயலியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பல வீடுகளில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிறது. அதை நாங்களே முதலில் யோசித்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். இரண்டாம் தவணை முடிந்ததும், போதும், எங்கள் புள்ளிகளைத் தாருங்கள் என்று கேட்டோம். அடுத்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால், தரவைத் திருப்பித் தருவது பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு மாதம் அதிபர் போன் எடுத்து எடுத்து, ஒரு பிடிஎஃப் வந்தது. மொத்தமும் சராசரியும் மட்டும். பாடவாரிப் புள்ளி இல்லை. மறுநாள் கணக்கையும் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகளின் பிறந்த திகதி, பெற்றோரின் அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர் எல்லாம் இன்னும் அவர்கள் கையில். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் பற்றிய தரவை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்டதை ஒரு கேள்வியும் கேட்காமல் தூக்கிக் கொடுத்தோமே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே காட்ட வருகிறவரை அங்கேயே உட்காரவைத்து, உங்கள் வகுப்பில் பத்துப் பிள்ளைகளின் பெயரைத் தமிழில் ஏற்றி, பாடவாரிப் புள்ளி போட்டு, அறிக்கையை அச்செடுங்கள். அப்புறம் அவ்வளவையும் எக்செலில் இறக்கித் தரச் சொல்லுங்கள். "பிறகு செய்து தருகிறோம்" என்றால் அனுப்பிவிடுங்கள். விலகும்போது எத்தனை நாளில் தரவு வரும், அவர்களிடமிருப்பதை எப்போது அழிப்பார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கவேண்டும். முழுப் பாடசாலைக்கும் வாங்காமல், ஒரு வகுப்புக்கு ஒரு தவணை ஓட்டிப் பாருங்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் புள்ளிப் புத்தகத்தைப் பார்த்து எக்செலில் ஏற்றுகிறோம். புத்தகத்தை நிறுத்தாமல் எழுதிவந்த டீச்சர்மாரின் வகுப்புகளுக்கு எல்லாப் புள்ளியும் கிடைத்துவிட்டது. இனிப் புத்தகம் தேவையில்லை என்ற பேச்சை நம்பி நான் நிறுத்திவிட்டேன். என் வகுப்புப் பிள்ளைகள் 34 பேருக்கும் இரண்டு தவணையின் பாடப்புள்ளிகள் இல்லை.