கலிங்கப் போர்: கடல் வணிகமா, பழைய கணக்கா?

கி.மு. 261 வாக்கில் அசோகர் கலிங்கத்தின் (இன்றைய ஒடிசாக் கரைப் பகுதி) மீது பாய்ந்தது ஏன்? அவருடைய 13ஆம் பாறைக் கல்வெட்டு 1,00,000 பேர் மாண்டதையும் 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டதையும் சொல்கிறது. காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

வணிகமே காரணம் என்போர் வரைபடத்தைக் காட்டுவார்கள்: கங்கை முகத்துவாரத்திலிருந்து தெற்கே இறங்கும் கரைவழி கலிங்கத்தின் கையில். பொருந்துகிறது, ஆனால் நேரடிச் சான்று கிடையாது.

பழைய கணக்கு என்போருக்குக் கல்லே சாட்சி. அசோகருக்கு முன் மகதத்தை ஆண்ட நந்தர்களில் ஒருவன் கலிங்கத்தில் வெட்டிய கால்வாயைப் பிற்காலக் கலிங்க மன்னன் காரவேலனின் ஹாதிகும்பா கல்வெட்டு குறிப்பிடுகிறது. ஆக, ஒருமுறை மகதத்தின் பிடியில் இருந்து நழுவிய நாடு. கலிங்கப் படையும் சின்னதல்ல, ரோமானிய எழுத்தாளர் பிளினி தரும் கணக்கு 60,000 காலாள், 1,000 குதிரை, 700 யானை. இது பக்கத்திலேயே நின்றால் மகதத் தலைநகர் பாடலிபுத்திரம் தூங்குமா? இந்த வாதமே கனமாகப் படுகிறது.

கலிங்க மண்ணிலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அந்த 13ஆம் கல்வெட்டையே விட்டுவிட்டு, அதிகாரிகளுக்கான தனி ஆணைகளை வெட்டிவைத்தார்கள்.