லண்டனில் மெக்சிகன் சாப்பாடு: பத்து வருடம் தேடிச் சாப்பிட்ட அனுபவம்

மெக்சிகன் கடைக்குள் போய் உட்கார்ந்ததும் நான் முதலில் செய்கிற காரியம், டோர்டியா என்கிற மெல்லிய ரொட்டியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பது. மக்காச்சோள வாசனையும் கூடவே லேசாகச் சுண்ணாம்பு வாசனையும் வந்தால் அன்றைக்கு நல்ல சாப்பாடு. இரண்டும் இல்லை என்றால் மெனுவில் என்ன எழுதியிருந்தாலும் சரி, ஒரு தட்டோடு எழுந்துவிடுவேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடத்தில் வீணான பணமும் ஞாயிற்றுக்கிழமைகளும் வேறு யாருக்கும் வீணாக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் லண்டன் வந்தது 2014இல். முதல் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மெக்சிகன் கடை இருந்தது. சுவர் முழுக்க அகலத் தொப்பியும் மீசையுமாகப் படங்கள். வளைத்துப் பொரித்த மொறுமொறு ஓட்டுக்குள் சீரகத்தூள் தூக்கலான கொத்துக்கறி, மேலே மஞ்சள் சீஸ் துருவல். சீரகம் நமக்குப் பழகிய வாசனை இல்லையா, அதனால் பிடித்திருந்தது. மெக்சிகன் என்றால் இதுதான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது டெக்சஸ் எல்லைப் பகுதியில் வளர்ந்த சமையல் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் சமையலுக்கும் ஒரு வரலாறும் மரியாதையும் உண்டு. ஆனால் மெக்சிகோ நகரத்துத் தெருவில் டோர்டியாவில் கறி வைத்து மடித்து ஒருவர் நின்றுகொண்டே சாப்பிடுகிற டாக்கோ அது இல்லை.

லண்டனில் இதைத் தேடுவது ஏன் சிரமம் என்றால், இங்கே மெக்சிகர்கள் கூடி வாழும் பேட்டை என்று ஒன்று கிடையாது. தோசை வேண்டுமென்றால் ஈஸ்ட் ஹாமுக்கோ டூட்டிங்குக்கோ போனால் போதும், கால் போன பக்கம் ஒரு கடை இருக்கும். எலிஃபண்ட் அண்ட் காசில், செவன் சிஸ்டர்ஸ் பக்கம் ஸ்பானிய மொழி காதில் விழும். அதை நம்பி நானும் பலமுறை அலைந்தேன். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் கொலம்பியா, ஈக்வடார் போன்ற நாட்டுக்காரர்கள். அவர்களுடைய அரேப்பா என்கிற சோளமாவு ரொட்டி எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அது வேறு சமையல். ஆக, லண்டனில் நல்ல மெக்சிகன் கடைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

எனக்கு வழி காட்டியவர் கூட வேலை பார்த்த ஒரு பெண். மெக்சிகோவில் புவேப்ளா ஊர்க்காரர். 2017இல் ஒருநாள் மதியம் பரோ மார்க்கெட்டை ஒட்டி ஸ்டோனி ஸ்ட்ரீட்டில் இருக்கும் எல் பாஸ்டோருக்கு அழைத்துப் போனார். ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே இருக்கிற கடை. 2016 கடைசியில் திறந்தது. அப்போதெல்லாம் முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்றோம். டாக்கோ வந்ததும் நான் சல்சாவுக்கு, அதாவது அவர்கள் ஊர்ச் சட்னிக்கு, கை நீட்டினேன். அவர் என் கையைத் தடுத்துவிட்டு, தன் தட்டிலிருந்த டோர்டியாவின் ஓரத்தை ஒரு விரற்கடை கிள்ளி மூக்குக்கருகில் கொண்டுபோனார். என்னையும் அப்படியே செய்யச் சொன்னார். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் தண்ணீர் பட்டால் ஒரு வாசனை வருமே, அது மெலிதாக வந்தது. அதற்கு மேல் சுட்ட மக்காச்சோளம். “எங்கள் வீட்டில் காலையில் இந்த வாசனைதான்” என்றார்.

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொண்டேன். காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து இரவு முழுக்க ஊறவிடுகிறார்கள். நாம் வெற்றிலைக்குத் தடவுகிற அதே நீற்றுச் சுண்ணாம்புதான். காலையில் தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கழுவிக் கல்லில் அரைத்தால் மாவு. வேகவைத்து ஊறிய சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர், அரைத்த மாவு மாசா. சுண்ணாம்பு போடாமல் அரைத்தால் அந்த மாவு ஒட்டிச் சேராது, தட்டவே வராது. இன்னொரு விஷயமும் உண்டு. மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற பி வைட்டமின் நம் உடம்பில் சேர்வதற்கு அந்தச் சுண்ணாம்பு வேண்டும். ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுவந்தார்கள், இந்தப் பக்குவத்தைக் கொண்டுவரவில்லை. சோளக் களியையே நம்பி வாழ்ந்த வட இத்தாலி ஏழைகளைப் பெல்லாக்ரா என்ற நோய் பல தலைமுறை வாட்டியது அதனால்தான்.

மாசாவைத் தட்டி கோமால் என்கிற கல்லில் போட்டு, இரண்டு தடவை திருப்பிப் போட்ட பிறகு நல்ல டோர்டியா சட்டென்று உப்பும், நம் புல்கா போல. மடித்தால் விரியக்கூடாது. ஓரத்தில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்க வேண்டும். பொட்டலத்தில் வந்ததை மைக்ரோவேவில் சூடாக்கிக் கொடுத்தால் தொட்டவுடனே தெரிந்துவிடும். ஈரமாக, கனமாக, ரப்பர் மாதிரி இருக்கும்.

எல் பாஸ்டோரில் மெக்சிகோவிலிருந்து வரும் சோளத்தை அரைத்துத் தாங்களே டோர்டியா போடுகிறார்கள். கடைப் பெயருக்குக் காரணமான அல் பாஸ்டோர் டாக்கோவைத்தான் நான் ஒவ்வொரு முறையும் முதலில் வாங்குவேன். மிளகாய் விழுதில் ஊறிய பன்றிக்கறி, மேலே அன்னாசி. லெபனானிலிருந்து மெக்சிகோவில் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாதான் அங்கே ஆட்டுக்கறியிலிருந்து பன்றிக்கறிக்கு மாறி இப்படி ஆகியிருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்தக் கடைக்கு இருபது தடவைக்கு மேல் போயிருப்பேன். டோர்டியா ஒருநாளும் ஏமாற்றியதில்லை. சனிக்கிழமை மதியம் மட்டும் போகாதீர்கள், மார்க்கெட் கூட்டம் மொத்தமும் அங்கே இருக்கும். செவ்வாய், புதன் மதியம் நிம்மதியாக உட்காரலாம்.

அதே பரோ மார்க்கெட்டில் கூல் சில்லி கம்பெனியின் கடை எனக்குப் பழக்கம். 1993இல் காய்ந்த மிளகாய் இறக்குமதியில் ஆரம்பித்தவர்கள். லண்டனில் இன்று நல்ல மெக்சிகன் சாப்பாடு கிடைக்கிறது என்றால் அதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். சரக்கு இல்லாமல் சமையல் ஏது? 2007இல் கோவென்ட் கார்டனில் தொடங்கிக் கிளை கிளையாகப் பரவிய வஹாக்காவும், மெக்சிகன் தெருச் சாப்பாடு என்ற எண்ணத்தைச் சாதாரண லண்டன்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. குழந்தைகளோடு போக எனக்கு இன்றும் அதுதான் வசதி.

சோள வாசனை என்ற என் விதிக்கு ஒரு விலக்கு, ஸ்டோக் நியூவிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும் சொனோரா டக்கேரியா. சொனோரா மெக்சிகோவின் வடக்கே இருக்கும் வறண்ட மாநிலம். ஸ்பானியர்கள் கொண்டுவந்த கோதுமை அங்கே நன்றாக வேரூன்றிவிட்டது, அதனால் அந்த ஊர் டோர்டியா கோதுமையில்தான். கோதுமை டோர்டியா என்றாலே போலி என்று முகம் சுளித்துக்கொண்டிருந்தவன் நான். அங்கே அவர்கள் தட்டிப் போட்டதைக் கையில் வாங்கியபோது, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக, வீச்சுப் பரோட்டாவின் உள்ளடுக்கு போல மிருதுவாக இருந்தது. சுட்ட மாட்டிறைச்சி டாக்கோ இரண்டு சாப்பிட்டுவிட்டு, இன்னும் இரண்டுக்கு மறுபடி வரிசையில் போய் நின்றேன்.

டூலி ஸ்ட்ரீட்டில் சாண்டோ ரெமேடியோவில் குவாகமோலே என்கிற வெண்ணெய்ப்பழ மசியல் மேல் வறுத்த வெட்டுக்கிளி தூவித் தருவார்கள். தயங்காமல் சாப்பிட்டுப் பாருங்கள், எலுமிச்சையும் உப்பும் ஏறிய நெத்திலிக் கருவாடு மாதிரி இருக்கும். யூஸ்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்ஸ்டெட் ரோட்டில் மெஸ்டீசோவில் நான் மோலே என்கிற குழம்புதான் சாப்பிடுவேன்.

மோலேவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காய்ந்த மிளகாயில் இரண்டு மூன்று வகை, எள், கொட்டைகள், கிராம்பு, பட்டை, கொஞ்சம் சாக்லேட், கெட்டிப்பட வறுத்த டோர்டியா. தனித்தனியாக வறுத்து, ஒன்றாக அரைத்து, நேரம் எடுத்துக் கொதிக்கவிடுகிறார்கள். வறுத்து அரைத்த குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் உழைப்பு முதல் வாயிலேயே புரியும். இனிப்புதான் முன்னால் வந்து நின்றால் அது அவசரத்தில் செய்தது. மிளகாயின் கசப்பு கடைசியில் மெதுவாக வர வேண்டும்.

காரம் பற்றி நம்மவர்கள் அடிக்கடி ஒரு குறை சொல்வார்கள்: “காரமே இல்லையே.” நானும் சொல்லியிருக்கிறேன். மிளகாய் நமக்கு அந்த மண்ணிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. நாம் அதை மிளகுக்குப் பதிலாக, காரத்துக்காக எடுத்துக்கொண்டோம். அவர்கள் ஒவ்வொரு மிளகாயையும் அதன் ருசிக்காக எடுக்கிறார்கள். ஆன்சோ உலர்ந்த திராட்சை போல இனிக்கும், குவாஹியோ புளிப்பாக இருக்கும், சிபோட்லே புகை வாசனை அடிக்கும். காரம் வேண்டுமென்றால் தனியாக ஹபனேரோ சல்சா கேளுங்கள், கொடுப்பார்கள். அதைச் சொட்டுக் கணக்கில் விட்டுக்கொள்ளுங்கள்.

விசேஷ நாளுக்கு என்றால் மேரிலபோனில் சேமூர் ஸ்ட்ரீட்டில் இருக்கும் கோல். சான்டியாகோ லாஸ்ட்ரா என்ற சமையல்காரர் 2020இல் திறந்தது, 2022இல் மிஷெலின் நட்சத்திரம் வாங்கியது. சோளம், மிளகாய், சாக்லேட் போன்ற ஒருசிலதை மட்டும் மெக்சிகோவிலிருந்து வரவழைத்துவிட்டு, மற்றதெல்லாம் பிரிட்டனில் விளைவதை வைத்துச் சமைக்கிறார். எலுமிச்சைக்குப் பதில் சீ பக்தார்ன் என்ற ஆரஞ்சு நிறப் புளிப்புப் பழம். எங்கள் கல்யாண நாளுக்குப் போனோம், பல வாரம் முன்பே பதிவு செய்து. கடல் இறால் டாக்கோவில் அந்தப் பழத்தின் சாறு பட்டதும் என் மனைவி நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் முடிக்கும்வரை பேசவே இல்லை. விலை அதிகம், மறைக்க ஒன்றுமில்லை. வருடத்துக்கு ஒருமுறை கூட எங்களால் முடியாது. ஆனாலும் போனதற்காக இருவருமே வருந்தியதில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: பீன்ஸை எதில் வதக்குகிறீர்கள்? பன்றிக் கொழுப்பில் வதக்குவதுதான் அவர்கள் ஊர் வழக்கம். மெனுவில் எழுதியிருக்காது. ஒரு கடையில் இதைக் கேட்காமல் என் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு தெரிந்து நான் பட்ட வேதனை கொஞ்சமல்ல. கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். நோபால் கிடைத்தால் விடாதீர்கள். நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியின் இனம்தான், முள் நீக்கிச் சுட்டால் வெண்டைக்காய் போலக் கொழகொழப்பும் புளிப்புமாக இருக்கும். குடிக்க ஹமைக்கா கேளுங்கள், நம் புளிச்சக்கீரைச் செடி வகையின் சிவப்புப் புல்லிவட்டத்தை ஊறவைத்த தண்ணீர்.

புதுக் கடை ஒன்றைப் பற்றி விசாரிக்கும்போது நாள்காட்டியையும் பார்க்கிறேன். மே 5க்கு மட்டும் பெரிய ஆர்ப்பாட்டம் செய்கிற கடையில் அனேகமாக டெக்சஸ் பாணிதான் கிடைக்கும். மெக்சிகோவில் அந்த நாளைப் பெரிதாகக் கொண்டாடுவது புவேப்ளாவில்தான், 1862இல் பிரெஞ்சுப் படையை வென்ற நினைவாக. சுதந்திர தினம் செப்டம்பர் 16. அதற்கு முந்தின இரவு பொசோலே என்கிற சோளமணிச் சூப் போடுகிற கடை, நவம்பர் முதல் வாரத்தில் இறந்தோர் நாளுக்கான ரொட்டி வைக்கிற கடை, இவற்றில் சமையலறைக்குள் ஒரு மெக்சிகராவது இருப்பார். இதுவரை இந்தக் கணக்கு எனக்குத் தப்பியதில்லை.

நல்ல கடையும் மாறும். கிழக்கு லண்டனில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சின்னக் கடை, கொரோனாவுக்குப் பிறகு டோர்டியாவை வெளியிலிருந்து வாங்க ஆரம்பித்துவிட்டது. கறி அதே கறி, சல்சா அதே சல்சா. கையில் எடுத்த டாக்கோ பாதியில் பிய்ந்து தட்டில் விழுந்தது. பரிமாறிய பெண்ணிடம் சொன்னேன், சோளம் அரைக்க ஆள் இல்லை என்றார் வருத்தத்தோடு. வாடகையும் ஆள்கூலியும் என்ன விலை என்று எனக்கும் தெரியும், கோபப்பட முடியவில்லை. அதற்குப் பிறகு அங்கே போகவும் மனம் வரவில்லை.

அந்தப் புவேப்ளாப் பெண் இப்போது சொந்த ஊருக்கே போய்விட்டார். போகும்போது மரத்தாலான டோர்டியா அழுத்தியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூல் சில்லியில் மாசா மாவு வாங்கி, வெந்நீர் விட்டுப் பிசைந்து, தோசைக்கல்லில் போடுகிறேன். மாவு காது மடல் போல மிருதுவாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன பக்குவம். பத்தில் நாலு உப்புகிறது.